6 வயது முயலை எடுத்துக்கொள்ளலாமா?

வணக்கம் அக்கா,

எங்கள் ஃப்ளாட்ஸில் இரண்டு வீடு தள்ளி இருக்கிற குடும்பம் அடுத்த மாதம் கனடா போகிறது. அவர்களிடம் 6 வயதில் ஒரு பெண் முயல் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள். என் மகளுக்கு 9 வயது. இப்போதே அதற்குப் பெயரை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். கணவரோ, "வாங்குவதென்றால் குட்டியாக வாங்கலாம், கிழ முயலைக் கொண்டுவந்து இரண்டு வருஷத்தில் பிள்ளையை அழவிட வேண்டுமா?" என்கிறார். மாமியார், "பழகின வீட்டை விட்டு வந்தால் அது ஏங்கியே போய்விடும்" என்கிறார். நாங்கள் இதுவரை எந்தப் பிராணியும் வளர்த்ததில்லை. என்ன செய்யலாம்?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் காலையும் மாலையும் அந்த முயல் சாப்பிட்டதா, புழுக்கை போட்டதா என்று தவறாமல் பார்க்க உங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். மகளை நம்பி அந்தப் பொறுப்பை விடாதீர்கள். நீங்களோ கணவரோ அதை ஏற்க முடியாது என்றால் வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்குள் நன்றாகப் பார்த்துக்கொள்ளும் முயல் 8 முதல் 12 வருடம் வரை வாழும். 1964-ல் டாஸ்மேனியாவில் பிடிபட்ட ஒரு முயல் 18 வயதைத் தாண்டி வாழ்ந்ததாகக் கின்னஸில் பதிவு இருக்கிறது. 6 வயது என்பது மூப்பு தொடங்கும் வயது. நான்கைந்து வருடம் கிடைக்கலாம், இரண்டோடும் முடியலாம். கணவர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குட்டி வாங்கினால் மட்டும் நிச்சயம் உண்டா? பால்குடி மறக்கும் முன்பே கொண்டுவந்து விற்கும் குட்டிகள் வயிற்றுப்போக்கு வந்து சில நாளிலேயே போய்விடுவதுண்டு. தப்பித்தால் சில மாதங்களில் பருவத்துக்கு வந்து, வயரைக் கடிக்கும், கண்ட இடத்தில் மூத்திரம் பீய்ச்சும். முதல்முறையாக வளர்ப்பவர்களுக்கு, குணம் தெரிந்த பெரிய முயல்தான் எளிது.

முடிவு சொல்வதற்கு முன் ஒரு சாயங்காலம் அங்கே போய்த் தரையில் உட்காருங்கள். பகலில் முயல் பாதி தூக்கத்தில் இருக்கும், பொழுது சாயும் நேரத்தில்தான் அதன் உண்மையான சுறுசுறுப்பு தெரியும். பிள்ளையார் கோயில் வாசலில் விற்கிற அருகம்புல் ஒரு கட்டு வாங்கி, நன்றாகக் கழுவிக் கொடுங்கள். பல் நன்றாக இருக்கும் முயல் புல்லின் நுனியைக் கவ்வி, தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து, நிறுத்தாமல் உள்ளே இழுத்துக்கொண்டே போகும். பல் கெட்டிருந்தால் ஆசையாக ஓடிவரும், வாயில் வாங்கும், இரண்டு மெல்லு மென்றுவிட்டுக் கீழே போட்டுவிடும். தாடைக்கு அடியில் ரோமம் ஈரமாக இருக்கும். முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளர்கிறவை. புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். கேரட்டும் பிஸ்கட்டும் தின்று வளர்ந்த முயலுக்கு வயதான காலத்தில் கடைவாய்ப் பல் முள்ளு முள்ளாக வளர்ந்து நாக்கைக் குத்தும். அதனால் தினமும் என்ன கொடுத்தார்கள் என்று விவரமாகக் கேளுங்கள்.

புழுக்கை உருண்டையாக, காய்ந்து, ஒரே அளவில் இருந்தால் நல்லது. பின்பக்கம் அழுக்காக ஒட்டியிருந்தால் கவனம். முயல் தன் மென்மையான புழுக்கையைக் குனிந்து வாயால் எடுத்துத் தின்னும், அதிலிருந்துதான் அதற்குப் பல சத்து கிடைக்கிறது. மூட்டுவலி வந்த முதுகு அப்படி வளையாது. மழைக்காலத்தில் அந்த அழுக்கில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பாதத்தின் அடியையும் பாருங்கள். கம்பித் தரைக் கூண்டில் இருந்திருந்தால் ரோமம் உதிர்ந்து சிவந்திருக்கும்.

இன்னொன்று, கருப்பை எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். எடுக்காத பெண் முயல்களுக்கு நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் வருவது மிக சகஜம். இந்த வயதில் ஆபரேஷன் செய்யலாமா என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த டாக்டரை முயல் வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுங்கள். பல கிளினிக்குகளில் நாய், பூனை மட்டும்தான் பார்ப்பார்கள். போன் செய்து, முயல் பார்த்துப் பழக்கம் உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நாய்க்குச் சாதாரணமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் மருந்தை முயல் வாய்வழியாகச் சாப்பிட்டால் குடல் குலைந்து செத்தே போகலாம். உண்ணிக்குப் போடும் ஃபிப்ரோனிலும் ஆபத்து. நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, இரண்டும் உங்களுக்குப் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஓடிப்போக உள்ளூரிலும் ஒருவர் வேண்டும். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருந்தாக வேண்டும், அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. அரை நாள் சாப்பிடாமல், புழுக்கை போடாமல் மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தால் அது அவசர கேஸ். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுத்தான் எத்தனையோ முயல்கள் போயிருக்கின்றன. பயந்த பிராணி, வலியை வெளியே காட்டாது. காலை, மாலை பார்க்க ஆள் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

திருச்சி வெயிலைப் பற்றியும் யோசியுங்கள். முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது, காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 30 டிகிரி தாண்டினாலே திணறும். சித்திரையில் பால்கனிக் கூண்டு என்ற பேச்சே வேண்டாம். பகலில் ஏசியோ கூலரோ ஓடுகிற அறையில், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். டைல்ஸ் தரை வயதான காலுக்கு வழுக்கும், கோரைப்பாய் விரித்துவிடுங்கள்.

மாமியார் சொல்வதும் பாதி சரி. இடம் மாறிய அதிர்ச்சியில் முயல் சாப்பாட்டை நிறுத்திவிடுவதுண்டு. அதனால் அவர்கள் கிளம்பும் நாள்வரை காத்திருக்காமல், ஒரு வாரம் பத்து நாள் முன்பே கொண்டுவந்துவிடுங்கள். அதே கூண்டு, அதே தண்ணீர்க் கிண்ணம், துவைக்காத பழைய துணி, அதே தீனி. சந்தேகம் வந்தால் இரண்டு வீடு தள்ளிப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அப்புறம், பெயரை மாற்ற வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள், அதற்குத் தன் பெயர் தெரியும்.

அவளிடம் வயதையும் மறைக்காதீர்கள். என்றாவது அழத்தான் போகிறாள். அந்த அழுகைக்குப் பயந்து இந்த முயலை விட்டுவிட்டால் அதற்கு என்ன வழி என்று கணவரிடம் கேளுங்கள். வயதான முயலைத் தேடி வருகிறவர்கள் குறைவு. பூங்காவில் விட்டால் அன்றிரவே நாய் பிடித்துவிடும். கறிக்கு வளர்க்கும் பண்ணைக்குப் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடம் மனிதக் கையில் தின்று பழகிய உயிர் அது, அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

தூக்கக் கூடாது என்பதை மட்டும் மகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். முயலின் முதுகெலும்பு மெல்லியது, பயந்து உதைத்தால் தானாகவே முறிந்துபோகலாம். தரையில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினால் போதும், பிடித்திருந்தால் பல்லை மெதுவாக அரைத்துக்கொண்டு அப்படியே படுத்துக்கொள்ளும்.

போய்ப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.