சிறிய கல்லூரி நூலகத்தில் நாள் முழுவதும் செய்ய வேலை இருக்குமா?

"சிறிய கல்லூரி ஒன்றில் நூலகர் பணி கிடைத்திருக்கிறது, அங்கே பெரிதாக வேலை எதுவும் இருக்காது, உட்கார்ந்த இடத்திலேயே மேற்படிப்புக்குப் படித்துக்கொள்ளலாம் என்கிறார்கள், உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேலியாகக் கேட்கவில்லை, சேர்வதா வேண்டாமா என்ற தயக்கத்தில்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். இதே கேள்வியை, கல்லூரி நூலகராக இருக்கும் இந்த 17 ஆண்டுகளாக ஆசிரியர் அறையிலும் உறவினர் வீட்டு விசேஷங்களிலும் எதிர்கொண்டு அலுத்துப்போயிருப்பதால் பதில் சற்று நீளும். வேலை இருக்கும். ஆனால் சரியாகச் செய்த வேலை யார் கண்ணிலும் படாது, தவறினால்தான் படும். சில சமயம் தவறினால்கூடச் செய்தவர் கண்ணுக்கே படாமல் போய்விடும். என் கதை இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தது.

நூலகத்தில் வேலை இருக்காது என்ற எண்ணம் புதியதும் அன்று. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், அதற்கு முன் கணிதம் கற்பித்தவர். ஆள் அரவமற்ற அந்த அறையில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிட முயன்றார் என்பது எங்கள் துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. அவரேதான் 1931-ல் நூலகத் துறைக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். அவற்றில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. என் அன்றாட வேலையில் பாதி அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். நான் செய்த பெரிய தவறும் அந்த விதியை மீறியதுதான்.

எங்கள் நூலகத்தில் சுமார் 11,000 நூல்கள். ஓர் உதவியாளர், நான், அவ்வளவுதான் ஆட்கள். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை, முந்தைய மாலை திரும்பி வந்து தள்ளுவண்டியில் குவிந்து கிடக்கும் நூல்களை உரிய தட்டுகளில் சேர்ப்பது. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட, பொருள்வாரியாக நூல்களுக்கு எண் தரும் தசம வகைப்பாட்டையே நாங்களும் பின்பற்றுகிறோம். அதில் 519.2 நிகழ்தகவு, 519.5 புள்ளியியல். 519.23 என்ற எண்ணைக் கண்டவுடன், இருபத்து மூன்று ஐந்தைவிடப் பெரியதல்லவா என்று எண்ணி, அதை 519.5-க்குப் பின்னால் வைத்துவிடுபவர்களில் பட்டம் பெற்றவர்களும் உண்டு. புள்ளிக்குப் பின் முதல் இலக்கம் இரண்டுதான் என்பதால் அது முன்னால் வர வேண்டிய நூல். படித்து முடித்ததைத் தாங்களே தட்டில் செருகிவிட்டுப் போகும் நல்ல உள்ளம் கொண்ட மாணவர்கள்தாம் எங்களுக்குப் பெரிய சோதனை. நூல்களை மேசை மீதே விட்டுச் செல்லவும் என்று எழுதி ஒட்டியிருப்பது அதற்காகத்தான். தவறான தட்டில் நிற்கும் நூல் நூலகத்துக்குள்ளேயே காணாமற் போன நூல். ஆகவே நாள்தோறும் ஓர் அலமாரியின் எண்களை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். அப்படி நான் நூல்களின் முதுகில் எண்ணோடு ஒட்டியிருக்கும் முதுகுப்பட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, "பொழுது போகவில்லையா?" என்று கேட்டுவிட்டுச் சென்ற பேராசிரியர்கள் உண்டு.

புதிய நூல்கள் வந்தால், முத்திரை குத்தி, சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, வகைப்பாட்டு எண் கொடுத்து, பார்கோடும் முதுகுப்பட்டையும் ஒட்டி, புதுவரவுப் பலகையில் காட்சிக்கு வைக்க வேண்டும். வந்து சேராத பருவ இதழ்களைக் கேட்டு எழுத வேண்டும். ராமபாணப் பூச்சி எந்த அடித்தட்டில் குடியேறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேர்வுக் காலத்தில் பழைய வினாத்தாள்களைத் தவிர யாரும் எதையும் கேட்பதில்லை. அச்சுப்பொறியில் சிக்கிய தாளை உருவுவதும் நூலக அறிவியலில் சேர்ந்தது என்பதைப் பணிக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அட்டைப் பட்டியலிலிருந்து கோஹா என்னும் நூலக மேலாண்மை மென்பொருளுக்கு மாறினோம். நியூசிலாந்தின் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு, 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள் அது. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. மென்பொருள்தான் கொடையாக வந்தது, தட்டச்சு செய்யும் கை எங்களுடையது. ஐ.எஸ்.பி.என். என்னும் சர்வதேச நூல் எண் உள்ள நூல்களுக்கு வேறு நூலகங்களின் பதிவுகளை இணையம் வழியாக எடுத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் பத்து இலக்க ஐ.எஸ்.பி.என். சர்வதேசத் தரமானதே 1970-ல்தான். அதற்கு முற்பட்டவற்றை ஒவ்வொன்றாக எழுத்தெண்ணித் தட்டச்சு செய்தோம். அந்த இரண்டு ஆண்டுக் காலத்தில், நூலகர் எப்போது பார்த்தாலும் கணினி முன் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்ற புகார் முதல்வர் வரை போயிற்று.

இனி என் தவறுக்கு வருகிறேன். பருவத்தின் கடைசி நாள் ஒன்றில், வழங்கல் மேசை முன் நீண்ட வரிசை. இறுதியாண்டு மாணவர் ஒருவர் புள்ளியியல் நூல் ஒன்றைத் திருப்பித் தந்தார். அதன் முதுகுப்பட்டை பாதி கிழிந்து தொங்கியதால், ஸ்கேனரில் காட்டாமலே, ஒட்டுவேலைக்கான குவியலில் அதைத் தனியே வைத்தேன். கூட்டம் குறைந்த பின் புதிய பட்டை ஒன்றில் என் கையாலேயே எண்ணை எழுதி ஒட்டினேன். பதிவைத் திறந்து பார்த்து எழுதியிருக்க வேண்டும். எத்தனை முறை எழுதிய எண் என்ற தெம்பில் நினைவிலிருந்து எழுதினேன். 519.5 என்று எழுதுவதற்குப் பதிலாக 591.5 என்று எழுதிவிட்டேன். 591.5 விலங்குகளின் நடத்தை பற்றிய நூல்களுக்கு உரிய எண். உதவியாளர் பட்டையில் இருந்தபடி அதை விலங்கியல் அலமாரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த மாணவர் நிலுவையில்லாச் சான்றுக்கு வந்தபோது, நூல் இன்னும் அவரிடம் இருப்பதாகக் கணினி காட்டியது. "இந்த மேசையில் உங்கள் கையில்தான் கொடுத்தேன், மேடம்" என்றார். இருவருமாகப் புள்ளியியல் தட்டுகளை இரண்டு முறை பார்த்தோம். முன்னும் பின்னும் உள்ள தட்டுகளையும், தசமக் குழப்பத்தில் நூல்கள் வழக்கமாகப் போய் ஒளிந்துகொள்ளும் இடங்களையும் பார்த்தோம். கிடைக்கவில்லை. எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று நான் அவரிடம் கூறினேன். குரலை உயர்த்தவில்லை, விதிப்படிதான் நடந்துகொண்டேன் என்று இன்றும் வாதிட முடியும். ஆனாலும் அந்த வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தொலைந்த நூலுக்கு ஈடாக அதே நூலின் அதே பதிப்போ புதிய பதிப்போ வாங்கித் தர வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாள் புதிய பதிப்புடன் வந்தார். கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அடுத்த விடுமுறையில் இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. ஒவ்வொரு நூலையும் எடுத்து ஸ்கேனரில் காட்டிக்கொண்டே போகும் வேலை அது. விலங்கியல் அலமாரியின் மூன்றாவது தட்டில், தொலைந்ததாகக் குறிக்கப்பட்ட நூல் என்ற செய்தி திரையில் வந்தது. புரட்டிப் பார்த்தேன், புள்ளியியல். பட்டையில் இருந்தது என் கையெழுத்து. உதவியாளர் எதுவும் சொல்லாமல் அடுத்த நூலை எடுத்துக் கொடுத்தார்.

ரேடியோ அலை மூலம் நூலை அடையாளம் காட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு ஒட்டியிருந்தால் கையடக்கக் கருவியை அலமாரிகள் முன் நீட்டியே அந்த நூலைக் கண்டுபிடித்திருக்கலாமே என்று சிலர் சொல்லக்கூடும். கண்டுபிடித்திருக்கலாம்தான். நூல் வாங்கவே நிதி போதாத இடத்தில் அந்த யோசனையை யாரிடம் போய்ச் சொல்வது? அதுவும் தவிர, அன்று எனக்குத் தேவைப்பட்டது கருவி அன்று. அந்த மாணவர் சொன்னதை உண்மையென்று எடுத்துக்கொண்டு, அப்படியானால் நூல் எங்கே போயிருக்கும் என்று யோசித்திருக்க வேண்டும். ஒட்டுவேலைக் குவியல் எனக்கு அப்போதே நினைவுக்கு வந்திருக்கும்.

அவருக்கு மின்னஞ்சலில் நடந்ததை முழுவதும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். அறைத்தோழரிடம் கடன் வாங்கித்தான் அந்த நூலை வாங்கியதாகவும், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும் பதில் எழுதினார். என் கைப்பணத்தில் வேறொரு பிரதி வாங்கி அனுப்பியிருக்கலாமே என்பீர்கள். முன்வந்தேன், தவறு நூலகத்தினுடையது, நூலகமே தரட்டும் என்று மறுத்துவிட்டார். அதில் நியாயம் இருந்தது.

நூலகத்துக்குள் ஒரு நூல் வருவது எளிது, வெளியே போவது கடினம் என்பதை நான் முழுதாக உணர்ந்தது அப்போதுதான். அவர் தந்த பிரதி பதிவேட்டில் ஏறி எண் பெற்றுவிட்டது. அந்த எண்ணை அழிக்கவும் கூடாது, வேறு நூலுக்குக் கொடுக்கவும் கூடாது. நூலகக் குழு தீர்மானம் போட்டால்தான் குறிப்புக் கட்டத்தில், நீக்கப்பட்டது என்று எழுத முடியும். குழு பருவத்துக்கு ஒரு முறை கூடும். முதல் கூட்டத்தில் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. இரண்டாவது கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர், ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் கல்லூரிக்கு நல்லதுதானே, ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மூன்றாவது கூட்டத்தில், என் விளக்கக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு ஒப்புதல் தந்தார்கள். கருத்தரங்கு நடத்த வாசிப்பறையை மூன்று நாள் மூடச் சொல்வதற்கு இதே குழுவுக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. அந்த மூன்று நாளும் மாணவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார்கள். இதைச் சொன்னால் நன்றியற்ற ஊழியர் என்பார்கள். சொல்லட்டும்.

நூலை அஞ்சலில் அனுப்பிவைத்தேன். தலைப்புப் பக்கத்திலும், அடையாளத்துக்காக எல்லா நூல்களிலும் முத்திரை குத்தும் எங்கள் ரகசியப் பக்கத்திலும், கடைசிப் பக்கத்திலும் கல்லூரியின் முத்திரை. ஒவ்வொன்றின் மீதும் நீக்க முத்திரை. புதிதாக வாங்கிய நூல் பழைய கடையில் எடுத்தது போலத்தான் அவருக்குத் திரும்பிப் போயிற்று. வந்து சேர்ந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தார்.

விலங்கியலில் கிடைத்த பழைய பிரதியின் பட்டையை நான் கிழித்துவிடவில்லை. அதன் மேலேயே சரியான பட்டையை ஒட்டினேன். இப்போதெல்லாம், வரிசை எவ்வளவு நீண்டிருந்தாலும், ஸ்கேனரில் காட்டாத எந்த நூலும் என் கையைவிட்டு நகர்வதில்லை. கையால் எண் எழுதுவதும் இல்லை. பதிவிலிருந்து நேரடியாக அச்சிடுகிறோம். நீங்கள் பணியில் சேர்ந்தால், திரும்பி வந்த நூலுக்கு ரசீது கொடுக்கும் வழக்கம் அங்கே உண்டா என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். எங்களிடம் இல்லாமலிருந்தது, இப்போது மென்பொருளே மாணவருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறது.

மேற்படிப்புக்குப் படிப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மாணவர்கள் இல்லாத விடுமுறைக் காலத்தில் படிக்கலாம். இருப்புச் சரிபார்ப்பும் அப்போதுதான் நடக்கும்.