கழற்றி எறிந்திருக்கலாமே?

வணக்கம்.

ஹிட்லர் காலத்து யூதர்கள் அணிந்த மஞ்சள் நட்சத்திரம் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். அது வெறும் துணித்துண்டுதானே? கழற்றி எறிந்துவிட்டுக் கூட்டத்தில் கலந்திருக்கலாமே? டென்மார்க் மன்னரும் அதை அணிந்தார் என்கிறார்களே, உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மன்னர் கதை உண்மையல்ல. டென்மார்க்கில் நட்சத்திரம் அணியச் சொல்லும் ஆணை போடப்படவே இல்லை. அங்கே நடந்தது அதைவிடப் பெரிது: 1943 அக்டோபரில் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களை மக்கள் படகேற்றி ஸ்வீடனில் சேர்த்தார்கள்.

‘வெறும் துணித்துண்டுதானே’ என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஜெர்மனியில் 1941 செப்டம்பர் 19 முதல், ஆறு வயது நிரம்பிய யூதர் எவரும் அது இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. உள்ளங்கை அளவு, இடப்பக்க மார்பில், நடுவே ‘யூதர்’ என்ற ஜெர்மன் சொல். ஊசி குத்தி மாட்டிக்கொள்ள முடியாது. இறுக்கித் தைத்திருக்க வேண்டும். தன் பிள்ளையின் கோட்டில் அதைத் தைக்க உட்கார்ந்த தாயை நினைத்துப் பாருங்கள். விலையாகப் பத்து ஃபென்னிக் (ஜெர்மன் சில்லறைக் காசு) அவளிடமே வாங்கினார்கள். பிரான்சில் 1942 ஜூனில் தலைக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டு, அந்தத் துணியை அவரவர் ரேஷனில் கழித்துக்கொண்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

சரி, கழற்றினால்? துணிக்கு முன்பே காகிதம் வந்துவிட்டது. 1938-லேயே பாஸ்போர்ட்டில் சிவப்பு ‘ஜே’ (J) முத்திரை; யூதர் என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. 1939 முதல் ஆண்களின் பெயரோடு இஸ்ரேல், பெண்களின் பெயரோடு சாரா என்று கட்டாயமாகச் சேர்க்க வேண்டும். அண்டை வீட்டாருக்கும் கடைக்காரருக்கும் ஆள் தெரியும். அப்படியும் கழற்றிவிட்டுத் தலைமறைவானவர்கள் உண்டு. ரேஷன் அட்டை கிடையாது, ஒவ்வோர் இரவும் படுக்க இடம் தேட வேண்டும்.

டிரெஸ்டன் நகரத்துப் பேராசிரியர் விக்டர் கிளெம்பரர் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அதை அணிந்திருந்தார். மனைவி எவா யூதர் அல்லர். அந்தத் திருமணம்தான் அவரை அதுவரை உயிரோடு வைத்திருந்தது. 1945 பிப்ரவரி 13 அன்று, நகரில் மிஞ்சியிருந்த யூதர்களுக்கு நாடுகடத்தல் உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. அன்றிரவே குண்டுமழை. நெருப்பில் பிரிந்து, மறுநாள் காலை கணவரைக் கண்டுபிடித்த எவா, ஒரு சிறு பேனாக்கத்தியால் அவர் மேலங்கியிலிருந்து நட்சத்திரத்தை அறுத்தெடுத்தார். பிறகு இருவரும் அகதிகளோடு அகதிகளாக நடந்தார்கள்.

அன்புடன்,
எம்.