கேம் ஆர்ட் படிக்க வைக்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகள், வீடியோ கேமுக்கான உருவங்களையும் காட்சிகளையும் உருவாக்கும் கேம் ஆர்ட்தான் படிப்பேன் என்கிறாள். நன்றாக வரைவாள். வேலை கிடைக்குமா?
– ஒரு தாய், மதுரை

பதில்: திறமை இருந்தால் கிடைக்கும் அம்மா, படிக்கட்டும். கேம் ஸ்டூடியோவுக்கு ஆள் எடுப்பவன் நான். முதலில் போர்ட்ஃபோலியோ, அதாவது அவர்களே செய்த வேலைகளின் தொகுப்பு; சான்றிதழெல்லாம் அப்புறம்தான். கம்ப்யூட்டரில் முப்பரிமாணத்தில் செய்த ஒரு பழைய மரப்பெட்டி மாடல் போதும். பெயிண்ட் எந்த விளிம்பில் உரிந்திருக்கிறது, கைபட்டுக் கைபட்டு எந்த இடம் வழவழப்பாகியிருக்கிறது என்று யோசித்துச் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். அதையும் குறைந்த பாலிகனில், அதாவது மாடலின் பரப்பாகச் சேரும் சின்னத் தட்டைத் துண்டுகள் குறைவாக இருக்கும்படி, முடிக்க வேண்டும். கூடினால் போனில் கேம் திணறும். இப்படி மாடல் செய்ய உதவும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், இன்றே தொடங்கலாம். கையால் வரைவதை மட்டும் விடவே கூடாது. இளநிலையில் ஓவியமோ அனிமேஷனோ எடுக்கட்டும். பிறகு தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் முதுநிலை இருக்கிறது, நுழைவுத்தேர்வு உண்டு. தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டுவதற்கு முன் பழைய மாணவர்களின் போர்ட்ஃபோலியோவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.