வாசகர் கேள்வி பதில்: பிடித்த சிறு உணவகமும் பெரிய கிளை நிறுவனமும்

பெருநகரங்களில் தனியாக நடக்கும் உணவகங்களையும், பல கிளைகளோடு நடக்கும் நிறுவன உணவகங்களையும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: பெருநகரத்தில் யாரைக் கேட்டாலும், தனக்குப் பிடித்த உணவகம் என்று ஏதோ ஒரு சிறு இடத்தையே சொல்கிறார்கள். ஆனால் வளர்வதோ கிளை நிறுவனங்கள்தான். இந்த முரண்பாடு ஏன்?

பதில்: ஒரே மனிதர் இரண்டு வேறு நிலைமைகளில் செய்யும் தேர்வுகள் இவை, ஆகவே இதில் முரண்பாடு எதுவும் இல்லை. பிடித்த இடம் எது என்று கேட்டால், வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ அருகில் பல முறை போய்ப் பழகிய இடத்தைத்தான் எவரும் சொல்வார். ஆனால் பெருநகரத்தில் வாழ்பவர், மருத்துவமனைக்கு வந்த இடத்திலும், வண்டி மாறுகிற இடத்திலும், யாரையோ பார்க்கப் போன பகுதியிலும், முன்பின் தெரியாத கடைகளுக்கு நடுவே அடிக்கடி பசியோடு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் அரிய சுவையைத் தேடுவதில்லை. வயிற்றுக்கும் பணப்பைக்கும் சேதமில்லாமல் எழுந்து வந்தால் போதும் என்றே நினைக்கிறார். கிளை நிறுவனம் விற்பது அந்த உத்தரவாதத்தைத்தான்.

இதை அண்மைக்கால அமெரிக்கப் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1850களிலேயே பாரிஸில் துவால் என்ற இறைச்சி வணிகர், உழைப்பாளிகளுக்குச் சூப்பும் இறைச்சியும் மலிவாகத் தரும் கடையைத் தொடங்கி, அதே அமைப்பில் நகரெங்கும் கிளைகளைப் பரப்பினார். லண்டனில் லையன்ஸ் நிறுவனத்தின் முதல் தேநீர்க் கடை 1894இல் பிக்காடிலியில் திறக்கப்பட்டது. வெள்ளையும் பொன்னிறமுமான முகப்பே அதன் கிளைகளுக்கெல்லாம் அடையாளமாயிற்று. அமெரிக்காவின் விசிட்டா நகரில் 1921இல் தொடங்கிய ஒயிட் காசில் என்ற ஹாம்பர்கர் நிறுவனம், அரைத்த இறைச்சியில் என்ன கலந்திருக்குமோ என்று மக்கள் அஞ்சிய காலத்தில், கடையையே வெண்மையாகக் கட்டிச் சமையலை வாடிக்கையாளரின் கண்ணெதிரே நடத்தியது. ஊர் பெரிதாகி, சமைப்பவரும் சாப்பிடுபவரும் ஒருவரையொருவர் அறியாத நிலை வந்த இடங்களில்தான் இந்த வியாபாரம் செழித்திருக்கிறது.

உரிமையாளர் உள்ளூர்க்காரரா, பெரிய நிறுவனமா என்பதைவிட, சாப்பிட்டவர் திரும்பி வருவாரா என்பதே ஒரு சமையலறையின் தரத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. சுற்றுலாத் தலத்தின் வாசலில் கடை வைத்திருப்பவர் பரம்பரை பரம்பரையாக அங்கேயே வாழ்பவராக இருக்கலாம். ஆனால் இன்று சாப்பிட்டவரை அவர் இனி ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்னும்போது, நன்றாகச் சமைப்பதால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது எதுவும் இல்லை. குடியிருப்புத் தெருவுக்குள் கடை நடத்துபவரோ, இன்று உப்பு கூடிப்போனால் நாளை கல்லாவில் நின்று அதே முகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கிளை நிறுவனத்தின் நிலை மூன்றாவது வகை. வாடிக்கையாளர் அதே கிளைக்குத் திரும்பாவிட்டாலும் அதே பெயர்ப்பலகைக்குத் திரும்புவார் என்பதால், தலைமையகம் எல்லாக் கிளைகளையும் ஒரே கண்டிப்போடு நடத்துகிறது.

கேள்வி: எங்களுக்கு மிகவும் பிடித்த உணவகம் இரண்டாவது கிளை திறந்தது. சமையல் குறிப்பு மாறவில்லை என்கிறார்கள். சுவை மட்டும் மாறிவிட்டது. காரணம் என்ன?

பதில்: எழுதிவைத்த குறிப்பில் இருப்பது ஒரு சமையலின் பாதிதான். மீதிப் பாதி, அடுப்பருகே பல ஆண்டுகள் நின்ற ஒருவர், வாணலியிலிருந்து வரும் ஓசையையும் மணத்தையும் வைத்துத் தீயைக் கூட்டிக் குறைப்பதில் இருக்கிறது. அன்றைக்கு வந்த காய் முற்றலா பிஞ்சா, எண்ணெய் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மசாலா புதிதாக அரைத்ததா என்பதையெல்லாம் அவர் பார்த்துப் பார்த்துச் சரிசெய்கிறார். தான் இவ்வாறு சரிசெய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாததால், புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அவரால் முடிவதில்லை. இரண்டாவது கிளை திறந்ததும் அந்த ஒரு மாஸ்டர் ஒரே நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும்; முதலாளியின் கண்ணும் அப்படித்தான்.

அளவும் ஒரு காரணம். பத்துப் பேருக்கு வைப்பதை நூறு பேருக்கு வைக்கும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்கினால் போதாது. பெரிய பாத்திரத்தில் கொள்ளளவு கூடுகிற அளவுக்கு ஆவியாகும் பரப்பு கூடுவதில்லை. தண்ணீர் வற்ற நேரம் பிடிக்கிறது. கொதி வரத் தாமதமாவதால் காய் குழைந்துபோகிறது.

கிளை நிறுவனங்கள் இந்தச் சிக்கலைத் தீர்க்கும் வழி, சமையற்காரரின் தீர்ப்புக்கு இடமே இல்லாமல் செய்வதுதான். மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948இல் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோவில் இருந்த தங்கள் கடையைச் சில காலம் மூடி, உணவு வகைகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்து, ஒவ்வொரு வேலையையும் ஒவ்வோர் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்த பிறகே, அந்த அமைப்பை 1955 முதல் ரே கிராக் என்ற வணிகரால் நாடு முழுவதும் பரப்ப முடிந்தது. இப்போது பல நிறுவனங்களில் குழம்பும் மசாலாக் கலவையும் மத்திய சமையற்கூடத்தில் தயாராகிக் குளிரூட்டிய வண்டியில் கிளைக்கு வந்து சேர்கின்றன. அங்கே நடப்பது பெரும்பாலும் சூடாக்கிப் பரிமாறும் வேலைதான். மோசமான நாள் இல்லாமல் போகிறது என்பது உண்மை; அதோடு மிகச் சிறந்த நாளும் இல்லாமல் போகிறது. உங்களுக்குப் பிடித்த உணவகம் இப்போது இந்த இரண்டு முறைகளுக்கும் நடுவில் நிற்கிறது. உரிமையாளர் கிளைகளை இரண்டோடு நிறுத்திப் புதிய சமையற்காரரை ஓராண்டாவது பழைய அடுப்பில் நிற்கவைத்தால் சுவை திரும்ப வாய்ப்புண்டு.

கேள்வி: சுத்தத்தை நினைத்துத்தான் நான் கிளை நிறுவனங்களுக்குப் போகிறேன். அது சரியான காரணமா?

பதில்: ஓரளவுக்குச் சரியே. எந்தெந்தக் கட்டத்தில் உணவு கெடக்கூடும் என்று முன்கூட்டியே கண்டறிந்து, அந்தக் கட்டங்களில் மட்டும் கறாராகக் கண்காணிக்கும் முறை, 1960களில் விண்வெளி வீரர்களின் உணவுக்காக நாசாவும் பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியது. இன்று அதுவே உலகெங்கும் உணவுப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படையாக இருக்கிறது. வெப்பநிலையைக் குறித்துவைக்கவும் பதிவேட்டைச் சரிபார்க்கவும் பெரிய நிறுவனத்திடம் தனி ஆட்கள் இருக்கிறார்கள். சிறிய கடையில் அதுவும் முதலாளியின் தலையில்தான் விழுகிறது.

ஆனால் பெரிய நிறுவனத்தில் தவறு நேர்ந்தால் அதுவும் பெரிதாகவே நேரும். 1993இல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் நிறுவனத்தின் கிளைகளில் சரியாக வேகாத, கிருமி கலந்த இறைச்சியைச் சாப்பிட்டு 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். எந்தக் கடையானாலும் நாம் கவனிக்க வேண்டியது வெப்பநிலையை. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ இருக்க வேண்டும், அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெதுவெதுப்பாக வந்த தட்டைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம். பளபளக்கும் தரையிலிருந்து அடுப்படியின் நிலையை அறிய முடியாது. கை கழுவும் இடமும் கழிப்பறையும் அதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: புதிய நகரத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். நல்ல உள்ளூர் உணவகத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இணையத்து நட்சத்திரங்களை நம்பலாமா?

பதில்: நட்சத்திரங்களால் அதிகம் பயனடைவது சிறிய உணவகங்களே. ஹார்வர்டு வணிகப் பள்ளியின் மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களின் வருவாயை, வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் தந்து குறிப்பு எழுதும் யெல்ப் தளத்தின் மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்றும், இந்த விளைவு தனி உணவகங்களில்தான் தெரிகிறது, கிளை நிறுவனங்களில் தெரியவில்லை என்றும் அதில் கண்டார். அந்தத் தளம் பரவப் பரவ, கிளை நிறுவனங்களின் சந்தைப் பங்கு குறைந்ததும் தெரியவந்தது. பெயர்ப்பலகை தந்த உத்தரவாதத்தை இப்போது முன்பின் தெரியாத மனிதர்களின் குறிப்புகளும் தரத் தொடங்கிவிட்டன.

குறிப்புகளைப் படிக்கும்போது, ஐந்து நட்சத்திரப் புகழ்ச்சியையும் ஒரு நட்சத்திர வசவையும் விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் அண்மையில் எழுதியதைப் படியுங்கள். எது நன்றாக இருந்தது, எது சரியில்லை என்று பிரித்துச் சொல்லும் பொறுமை அவர்களுக்குத்தான் இருக்கிறது. பிறகு, வார நாளின் மதிய வேளையில் அந்தக் கடைக்கு நேரில் போய்ப் பாருங்கள். அருகில் வேலை செய்பவர்கள் உணவுப் பட்டியலைப் பார்க்காமலே சொல்கிறார்களா, பரிமாறுபவர் சிலரிடம் என்ன வேண்டும் என்று கேட்காமலே கொண்டுவந்து வைக்கிறாரா என்று கவனியுங்கள். பட்டியல் சிறியதாக இருப்பது நல்லது. நாலைந்து நாட்டுச் சமையலும் ஒரே பட்டியலில் இருந்தால், உறைபெட்டியில் பல நாள் காத்திருந்தவை உங்கள் தட்டுக்கு வரப் பெரிதும் வாய்ப்புண்டு.

கேள்வி: பெரிய நிறுவனத்தின் கிளையில் சாப்பிட்டால் பணம் முழுவதும் வெளியே போய்விடும் என்கிறார்களே?

பதில்: முழுவதும் போவதில்லை. மெக்டொனால்ட்ஸ் கிளைகளில் ஏறக்குறைய 95 சதவீதம், உரிமம் பெற்ற தனி முதலாளிகள் நடத்துபவை. பெயரைப் பயன்படுத்தும் கட்டணமும், பல இடங்களில் கடையின் வாடகையும் நிறுவனத்துக்குப் போகின்றன. சம்பளமும் எஞ்சும் லாபமும் பெரும்பாலும் ஊரிலேயே நிற்கின்றன. ஆனால் கணக்கர், விளம்பரம் எழுதுபவர், காய்கறி மண்டிக்காரர் என்று சிறிய உணவகம் அக்கம்பக்கத்தில் பிடிக்கும் ஆட்களை இந்தக் கிளை பிடிப்பதில்லை. அந்த வேலைகளெல்லாம் தலைமையகத்தோடு முடிந்துவிடுகின்றன.

கேள்வி: கிளை நிறுவனங்களைச் சட்டத்தால் தடுக்க முடியாதா?

பதில்: சான் பிரான்சிஸ்கோ ஓரளவு செய்திருக்கிறது. 11 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் ஏற்கெனவே கொண்ட, ஒரே அச்சிலான கடைகளுக்கு 2004 முதல் அங்கே கட்டுப்பாடு உண்டு. குடியிருப்புகளை ஒட்டிய கடைத்தெருக்களில் அவை சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்று 2006இல் மக்கள் வாக்களித்தார்கள். கட்டட வாடகை ஏறுவதை அந்தச் சட்டம் தடுக்காது; சிறிய உணவகத்துக்கு அடுத்த தெருவில் வரும் கிளை நிறுவனத்தைவிட வாடகை ஒப்பந்தம் முடியும் மாதம் ஆபத்தானது.

கேள்வி: புதிதாகத் தொடங்கும் உணவகங்களில் பத்தில் ஒன்பது முதல் ஆண்டிலேயே மூடப்படுவது உண்மையா?

பதில்: இல்லை. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத் தரவுகளைக் கொண்டு பார்சாவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் ஆண்டில் மூடப்பட்டவை ஏறக்குறைய நான்கில் ஒன்று. மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு. உரிமம் பெற்ற கிளைகளுக்கும் தனி உணவகங்களுக்கும் இடையே வேறுபாடு சில சதவீதம்தான்.

கேள்வி: எங்கள் பகுதியில் எனக்குப் பிடித்த சிறு உணவகம் தள்ளாடுகிறது. வாடிக்கையாளராக நான் செய்யக்கூடியது என்ன?

பதில்: செயலி வழியாக வாங்குவதை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் சொல்லி நேரில் போய் வாங்குங்கள், செயலிகள் எடுத்துக்கொள்ளும் தரகு சில இடங்களில் 30 சதவீதம் வரை போகிறது, சிறிய கடைக்கு அந்த அளவு லாபமே கிடைப்பதில்லை. கூட்டம் நிரம்பும் விடுமுறை நாளில் போய் இடம் பிடிப்பதைவிட, மேசைகள் காலியாகக் கிடக்கும் வார நாளில் போவது உரிமையாளருக்கு அதிகம் உதவும். வாடகையும் சமையற்காரரின் சம்பளமும் அன்றைக்கும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குறை ஏதேனும் கண்டால் இணையத்தில் எழுதுவதற்கு முன் கல்லாவில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள். தலைமையகத்தைக் கேட்காமல், அன்றைக்கே அதைச் சரிசெய்ய அவரால் முடியும். சொல்லிய பிறகும் அதே குறை தொடர்ந்தால், நீங்கள் வேறு கடையைப் பார்த்துக்கொள்வதில் தவறொன்றும் இல்லை.