பரதநாட்டியம் மட்டுமே பார்த்துப் பழகியவர் நவீன நடனத்தை யாரிடமிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கில் ஒரு நவீன நடன நிகழ்ச்சிக்குப் போனதாகவும், ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், நானும் அப்படித்தான் இருந்தேன். ஏழு வயதில் தட்டடவு தட்ட ஆரம்பித்துப் பதினோரு வருடம் பரதம் ஆடியவள். அரங்கேற்றம் முடிந்த மறு வருடமே வலது முழங்கால் மக்கர் செய்ததால் சலங்கையைப் பரணில் ஏற்றிவிட்டேன். ஆட முடியாதவள் பார்க்கவாவது செய்வோம் என்று எஸ்பிளனேட் நூலகத்தில் நடன டிவிடிகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் கையில் கிடைத்தது அமெரிக்கரான மார்த்தா கிரஹாமின் ‘லாமென்டேஷன்’. 1930இல் உருவானது, நான்கு நிமிடம் போல ஓடும். ஒரு பெண் தாழ்வான பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இழுத்தால் இழுபடும் ஊதாத் துணியைக் குழாய் மாதிரி தைத்து உடம்பை அதற்குள் நுழைத்திருக்கிறார்கள். முகமும் கையும் காலும்தான் வெளியே. பெஞ்சைவிட்டு நகராமலேயே ஆடுகிறாள், ஆடுகிறாள், முடிந்துவிடுகிறது. நான் முத்திரை தேடினேன், தாளம் போட்டுப் பார்த்தேன், இது என்ன பாத்திரம் என்று யோசித்தேன். ஒன்றும் தேறவில்லை. டிவிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன்.

பல வருடம் கழித்து, தோ பாயோ வீட்டுக் கூடத்தில் அதே காணொளியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

“யார் வீட்டு எழவுடி இது?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லாமென்டேஷன் என்றாலே புலம்பல்தானே! மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி சிங்கப்பூர் வந்தவர் அம்மா. நவீன நடனம் என்ற சொல்லையே அவர் கேட்டதில்லை. ஆனால் எழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே எப்படி முன்னும் பின்னும் ஆடுவார்கள் என்று சின்ன வயதிலிருந்து பார்த்தவர். “அடிவயித்துலேர்ந்து வருது பாரு” என்றார். கிரஹாமின் முறையே அதுதான்! மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளே சுருக்குவது, இழுக்கும்போது விரிப்பது. விம்மும்போதும் வாய்விட்டுச் சிரிக்கும்போதும் உடம்பு தானாகச் செய்வதைத்தான் அவர் எடுத்துப் பயிற்சியாக்கினார். 1926இல் குழு தொடங்கி, எழுபத்தைந்து வயதை ஒட்டிக்கூட மேடையேறி, 1991இல் 96 வயதில் இறக்கும்வரை நடனம் அமைத்துக்கொண்டிருந்தார். அவர் தன் நினைவுகளில் ஒரு சம்பவம் சொல்கிறார். தன் பிள்ளை லாரியில் அடிபட்டுச் சாவதைக் கண்ணெதிரே பார்த்த ஒரு தாய்க்கு அழுகையே வரவில்லையாம். லாமென்டேஷனைப் பார்த்த அன்றுதான் அழுதாராம். என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “ஒப்பாரி வைக்கிறதே அதுக்குத்தானே” என்று கீரைக்குத் திரும்பிவிட்டார்.

ஆகவே என் முதல் யோசனை: கதையைத் தேடாதீர்கள். அந்த உடம்பு தன் எடையை எங்கே வைத்திருக்கிறது, எந்த இடத்திலிருந்து அசைகிறது என்று பாருங்கள். பரதம் பார்த்த கண்ணுக்கு அது ஏற்கெனவே தெரியும். முழங்கால்களை விரித்து மடக்கி அரைமண்டியில் நிற்பவருக்கும் நிற்பதுபோல் பாவனை செய்பவருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறோம் இல்லையா?

கிரஹாம் குழுவில் ஆடிய மெர்ஸ் கன்னிங்ஹாமை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டு அடுத்த அசைவு எது என்று முடிவு செய்தவர். இசையமைத்த ஜான் கேஜும் அவரும் தனித்தனியாக வேலை செய்வார்கள், இரண்டும் மேடையில்தான் சந்திக்கும். மேதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியர் தாளம் தட்டும் தட்டுக்கழிச் சத்தத்துக்குக் கால் தப்பினால் குட்டு வாங்கி வளர்ந்த எனக்கு, இன்றுவரை ஒட்டவில்லை.

அடுத்து ஜெர்மனியின் பினா பௌஷ். இவரிடம் நமக்கு எளிதாக ஒட்டும். சோலிங்கன் ஊரில் அவருடைய பெற்றோர் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். மேசைக்கு அடியில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதையும் சண்டை போடுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை. நம் காப்பிக்கடையில் ஒரு மாலை சும்மா உட்கார்ந்திருந்தாலே புரியும், என்ன மாதிரிப் பள்ளிக்கூடம் அது என்று. 1978இல் அவர் அமைத்த ‘கஃபே முல்லர்’ மேடை முழுக்க நாற்காலிகள். கண்ணை மூடிக்கொண்டு நடக்கும் பெண் இடித்துக்கொள்ளக் கூடாதே என்று ஓர் ஆள் ஓடி ஓடி நாற்காலிகளை இழுத்து ஒதுக்குவார். அவ்வளவுதான், ஆனால் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். அதற்கும் முன்னால், 1975இல், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசைக்கு மேடை முழுவதும் மண்ணைக் கொட்டி ஆடவைத்தார். ஆட ஆட வியர்வையில் மண் ஒட்டி உடையெல்லாம் சேறாகும்.

சரி, நம் பக்கம் வருவோம். சிங்கப்பூரில் பரதம் ஆடிய, கற்பித்த சாந்தா பாஸ்கரை நவீன நடனப் பட்டியலில் சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நான் சேர்ப்பேன். 1955இல் கேரளத்திலிருந்து நடன ஆசிரியர் கே.பி. பாஸ்கரை மணந்துகொண்டு இங்கே வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1958லேயே, பட்டாம்பூச்சிகளாக மாறும் சீனக் காதலர் கதையை இந்திய நடனமாக்கினார். சிங்கப்பூர் தனிநாடாகவே ஆகாத காலம்! பக்கத்து வீட்டுக்காரரின் கதையை நம் அடவில், அதாவது பரத அசைவுகளில், சொல்லலாம் என்று துணிந்தது சாதாரண விஷயமா? 1990இல் சிங்கப்பூர்க் கலைஞர்களுக்கான உயரிய விருதான கலாசாரப் பதக்கம் பெற்றார், 2022இல் 82 வயதில் மறைந்தார். அதே பதக்கத்தை 1995இல் பெற்ற கோ லே குவானையும் தேடிப் பாருங்கள். 1976இல் கணவரும் நாடகாசிரியருமான குவோ பாவ் குன்னோடு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தடுத்து வைக்கப்பட்டவர், 1988 கலை விழாவில் ‘நூவா’ என்ற முழுநீள நவீன நடனத்தைத் தந்தார்.

ஆனால் உங்களுக்கு ஒரே ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால் நான் சந்திரலேகாவைச் சொல்வேன். மகாராஷ்டிரத்தில் பிறந்து, சென்னைக்கு வந்து காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952இல் அரங்கேற்றம். ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்த நிகழ்ச்சி அது. ‘மதுரா நகரிலோ’ பாடலுக்கு யமுனையின் தண்ணீரைக் கைகளால் காட்டிக்கொண்டிருந்தவருக்கு, பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலங்கள் நினைவுக்கு வந்து, ஆட்டத்தின் நடுவே உறைந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார். ஆடும் கைக்கும் ஊர் நிலவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அவரை விடவேயில்லை. இடையில் பல வருடம் மேடையை விட்டு எழுத்து, சுவரொட்டி, பெண்கள் இயக்கம் என்று போனார். 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பியபோது நகையும் இல்லை, கடவுள் கதையும் இல்லை. யோகாசனம், களரிப்பயிற்று, அடவு மூன்றும் ஒரே உடம்பின் வேலை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அரைமண்டியை அவர் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். நமக்கு அது அடுத்த அடவுக்குத் தயாராகும் நிலை. அவருக்கு அதுவே நடனம். முழங்கால் விரிந்து, தொடை நடுங்கி, அந்த நிலை மெல்ல மெல்ல முழுமண்டிக்கு இறங்கும்போது நான் சோபாவில் என்னையறியாமல் காலை விரித்து உட்கார்ந்திருப்பேன். வலது முழங்கால் உடனே ஞாபகப்படுத்தும்.

கடைசிப் படைப்பு 2001இல் வந்த ‘ஷரீரா’. ஓர் ஆண், ஒரு பெண், குண்டேச்சா சகோதரர்களின் துருபத் என்ற பழைய இந்துஸ்தானி இசை. மிக மெதுவாகப் போகும், அதனால் இதில் தொடங்காதீர்கள். லாமென்டேஷன், கஃபே முல்லர், அப்புறம் சந்திரலேகா என்று போகலாம்.

அம்மாவுக்கும் ஷரீரா காணொளித் துண்டு ஒன்றைக் காட்டினேன். கிரஹாமைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்தவராயிற்றே என்று ஆவலோடு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “இந்தப் பொண்ணுக்கு இடுப்பு நல்லா வளையுது” என்றார். ஏழாவது நிமிடம் தூங்கிவிட்டார்.