கேளுங்க, சொல்றேன்: லண்டன் திருடர்களும் வடசென்னை வசவும்

கேள்வி: ‘ஸ்னாட்ச்’ படத்தில் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை. அதை உலகமே கொண்டாடுகிறது. நம்ம ஏரியாக் கதையில் ஒருவன் திட்டினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?
– வாசகர், ராயபுரம்

உலகமே கொண்டாடவில்லை சார். ‘ஸ்னாட்ச்’சை எடுத்த ஆங்கிலேய இயக்குநர் கை ரிட்சியின் முதல் படம் ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ (1998). அதற்கு 4-க்கு 3 நட்சத்திரம் கொடுத்த அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், 2000-இல் வந்த ‘ஸ்னாட்ச்’சுக்கு 2 தான் கொடுத்தார். அவருடைய குறை வசவு இல்லை, ரிட்சி போன படத்தையே திரும்ப எடுத்திருக்கிறார் என்பதுதான். நியாயமான குறை. இரண்டிலும் லண்டன் சில்லறைத் திருடர்கள், ஒருவன் காலில் ஒருவன் இடறி விழும் கதை, அதே ஜேசன் ஸ்டேதம், வின்னி ஜோன்ஸ்.

இருந்தாலும் நான் ‘ஸ்னாட்ச்’ கட்சி. காரணம், ஆலன் ஃபோர்டு நடித்த தாதா பிரிக் டாப். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கிழவர். டீக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டால், நானே போதுமான இனிப்புதான் என்கிறார். அதே ஆள், ஒரு பிணத்தை மிச்சமில்லாமல் தின்ன எத்தனை பன்றி வேண்டும் என்று சமையல் குறிப்பு மாதிரி சொல்கிறார். அந்த நிதானம்தான் வயிற்றைக் கலக்குகிறது. பிராட் பிட் நடித்த குத்துச்சண்டைக்காரன் மிக்கி வேறு ரகம். நாலாவது ரவுண்டில் விழு என்று பேசி வைத்தால், எதிராளியை ஒரே குத்தில் சாய்த்துவிடுகிறான். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பார்த்த நம்ம ஜனங்களுக்கு அந்த ரோஷத்தை விளக்கவே வேண்டாம். அவன் கேட்பதெல்லாம் அம்மா குடியிருக்க ஒரு கேரவன், அதாவது வண்டி வீடு. ஆளுக்கு ஆள் வசவின் நடையே மாறுகிறது.

நம்ம படங்களில்? கொருக்குப்பேட்டையோ எண்ணூரோ, எல்லோருக்கும் அதே நாலு வார்த்தை, அதே இழுவை. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்தில் நின்று கேளுங்கள். பேரத்துக்கு ஒரு குரல், உரிமையாய்த் திட்ட ஒரு குரல். நிஜமாகக் கோபம் வந்துவிட்டால் மீன்கார அக்கா வாயில் பல சமயம் வசவே வராது, பார்வை மட்டும்தான். அதை எழுத யாருக்கும் பொறுமை இல்லை. முகம் சுளிக்கிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எங்களை இப்படி ஒரே அச்சில் வார்க்கிறவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை.

கேள்வி: இரண்டில் எதை முதலில் பார்க்கலாம்? வீட்டில் எல்லோரோடும் பார்க்கலாமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

எல்லோரோடும் வேண்டாம்மா, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ‘லாக், ஸ்டாக்’. அப்புறம் ஒரு மாதமாவது கழித்து ‘ஸ்னாட்ச்’. அடுத்தடுத்துப் பார்த்தால் ஈபர்ட் சொன்ன குறைதான் கண்ணில் படும். மிக்கி பேசுவது புரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள், படத்தில் எதிரே நிற்கிற லண்டன்காரர்களுக்கே புரியவில்லை.