அம்பாசிடர் கார் படத்துக்குப் பழைய நிழற்படத்தின் தோற்றம் தருவது எப்படி?

மதுரை திருமலை நாயக்கர் மகால் அருகே அம்பாசிடர் காரை நிறுத்தி எடுத்த படம், 1970களின் வண்ணப்படம்போல் தோன்ற என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பின்னணியில் தெரியும் ஃபிளெக்ஸ் பேனரையும் கேபிள்களையும் நீக்கிவிடுங்கள். வண்ணத்தை எவ்வளவு மாற்றினாலும் அவை காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அக்கால வண்ணப் பிரிண்டுகள் பலவற்றில் நீலப்பச்சைச் சாயமே முதலில் மங்கியதால், வெயில் படாமல் ஆல்பத்தில் இருந்த படங்கள்கூடச் செம்மை ஏறிக் காணப்படுகின்றன. ஆகவே, படம் முழுவதும் மஞ்சளைப் பூசும் ஆயத்த ஃபில்டரை நான் பரிந்துரைப்பதில்லை. படத்திருத்த மென்பொருளில் ஒளியையும் நிறத்தையும் ஒரு வளைகோட்டால் மாற்றும் கர்வ்ஸ் கருவியில் சிவப்பைச் சற்று உயர்த்தி, அக்கோட்டில் கருமையைக் குறிக்கும் கீழ்முனையையும் மேலே தூக்கினால், டயரின் அடர்கருப்பு வெளிறிய சாம்பலாகும். குரோமிய பம்பரில் வெயில் பளிச்சிடும் இடத்தில் மட்டும் ஒளியை லேசாகப் பரவவிடுங்கள். ஃபிலிம் படங்களில் தெரியும் பொடிப்புள்ளி போன்ற துகள்களை, மிக வெளிச்சமும் மிக இருளும் இல்லாத இடைப்பட்ட பகுதிகளில் சேர்த்து, மிகையான கூர்மையைக் குறையுங்கள். மூலப்படத்தைத் தனியே சேமித்துவைத்த பிறகே இவற்றையெல்லாம் தொடங்குங்கள்.